ஏரிச் சாலை அனுமதிச் சீட்டு

1

என் மனைவி ஈஸ்வரியின் பெயரில் வழங்கப்பட்ட வாகன அனுமதிச் சீட்டு சென்ற செவ்வாய்க்கிழமையோடு காலாவதியாகிவிட்டது. தேசியப் பூங்காவின் ஏரிச் சாலையில், நடக்க இயலாத ஒருவரைக் காரில் அழைத்துச் செல்வதற்கான சீட்டு அது. ஓராண்டுக்குச் செல்லும். பச்சை நிறம். காரின் முன்கண்ணாடியில் உட்புறமாக ஒட்டவேண்டும் என்று பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. ஒட்டப்படவில்லை. அது தபாலில் வந்த அன்று அவள் மருத்துவமனையில் இருந்தாள். பன்னிரண்டு நாட்களில் இறந்துபோனாள்.

சீட்டு காலாவதியான இரண்டாம் நாள், வியாழக்கிழமை, நான் வசிக்கும் கனடிய ஊரின் நகர மண்டபத்தில் ஒரு பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதே ஏரிச் சாலையைக் கார்களுக்குத் திறந்துவிடுவதா, மூடியே வைப்பதா என்பதுதான் கூட்டத்தின் பொருள். அங்கே நான் பேசியதையும், பேச நேர்ந்த காரணத்தையும் வரிசையாக எழுதி வைக்க விரும்புகிறேன். இதை வாசிக்கும் கம்பம் பக்கத்து ஊர்க்காரர்களில் சிலர் ஈஸ்வரியைச் சிறுமியாகப் பார்த்தவர்கள். அவர்களுக்கு நான் ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவன்.

2

கனடாவின் மேற்கே மலைகளுக்கு நடுவிலுள்ள ஒரு சிற்றூரில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். மண்ணியல் ஆய்வுக்காக வந்தவன். பணி ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம் சென்றால் தேசியப் பூங்காவின் எல்லை. 'பூங்கா' என்ற சொல்லை முதன்முதலாகக் கடிதத்தில் எழுதியபோது, "ஊஞ்சல், சறுக்குப் பலகையெல்லாம் இருக்கா மச்சான்?" என்று என் மைத்துனன், ஈஸ்வரியின் தம்பி முருகேசன் பதில் எழுதியிருந்தான். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறவன் அவன். இங்கே பூங்கா என்றால் காடும் பனிமலையும் கரடியும் சேர்ந்த, நம் மாவட்டத்தில் பாதியளவு நிலம் என்று அவனுக்கு நான் விளக்கி எழுதினேன். "அப்ப அது காடுன்னு சொல்லுங்க" என்று முடித்துவிட்டான்.

அந்தக் காட்டின் விதிகளைப் பற்றி இவ்வூரார் ஓயாமல் சண்டையிடுவார்கள். நாயைக் கயிறில்லாமல் விடலாமா, சைக்கிள் எந்தத் தடத்தில் போகலாம், படகில் மோட்டார் பொருத்தலாமா. நம் ஊரில் கோயில் முதல் மரியாதைக்கு எழும் குரல்கள் இங்கே இவற்றுக்கு எழும். ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பெயர் கொடுத்து, வரிசையில் நின்று, ஆளுக்கு மூன்று நிமிடம் சண்டையிட வேண்டும்.

ஐந்தாண்டுகளுக்கு முன் அப்படியொரு மூன்று நிமிடத்தை நானும் கேட்டு வாங்கினேன். ஏரிக்குச் செல்லும் ஆறு கிலோமீட்டர்ச் சாலையைக் கார்களுக்கு மூடவேண்டும் என்று பேசினேன். கோடையின் இறுதியில் ஏரியிலிருந்து தேரைக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு, ஆயிரக்கணக்கில் கரையேறிச் சாலையைக் கடந்து காட்டுக்குள் போகும். கார்கள் அவற்றைச் சாலையோடு சாலையாகத் தேய்த்துவிட்டுப் போகும். கரையோர மண் இறுகிக் கல்லாகிக்கொண்டிருந்தது. படங்களையும் அளவுகளையும் காட்டினேன். சாலை மூடப்பட்டது. அதற்கு என் பேச்சு மட்டுமே காரணமல்ல என்றாலும், எதிர்த்தவர்கள் எனக்குத் 'தேரை டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். மளிகைக் கடையில் அதைச் சொல்லியே வணக்கம் வைப்பார்கள்.

ஈஸ்வரி கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது சொன்னாள்: "தேரைக்கு வக்கீலு கெடச்சிட்டாரு. நாளைக்கு நம்ம வீட்டுக் கரப்பானும் வந்து ஒங்ககிட்ட மனுக் குடுக்கும், பாருங்க."

அவளுக்கு அந்த ஏரி பிடிக்கும். மேகமலையில், எஸ்டேட் மருந்தகத்தை அடுத்த குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஏரியை முதன்முறை பார்த்தபோது, "எங்க மணலாத்து அணை மாதிரியேதான் கெடக்கு. தேயிலதான் இல்ல" என்றாள். புரட்டாசி பிறந்ததும் ஏரிக்கரை லார்ச் மரங்களின் ஊசியிலைகள் மஞ்சளாகும். மூன்று வாரம் அப்படி நின்றுவிட்டு உதிர்ந்துபோகும். ஆண்டுதோறும் அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். சாலை மூடப்பட்ட பின் நடந்து போனோம். ஆறு கிலோமீட்டர் அவளுக்கு அப்போது ஒரு தொலைவே அல்ல. மலையில் பள்ளிக்கூடத்துக்கு அதைவிட அதிகம் நடந்தவள்.

3

நானும் அவளும் ஒரே பள்ளத்தாக்கின் மேலும் கீழும் வளர்ந்தவர்கள். நான் மார்க்கையன்கோட்டை. கீழே நெல்வயல், மேலே சுவராக எழுந்து நிற்கும் மலை. மாலையில் வரப்பில் நின்றால் அந்த மலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவது தெரியும். அவற்றில் ஒன்று அவள் வீட்டுடையது என்பதைத் திருமணத்துக்குப் பிறகே அறிந்தேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் முறை வைத்து வரும். வாய்க்காலில் யார் மடை என்றைக்கு, எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. என் தகப்பனார் அந்த வரிசையை மீறியதில்லை. ஓர் ஆண்டு எங்கள் நாற்றங்கால் வெயிலில் சுருண்டுகொண்டிருந்தது. எங்கள் முறை மறுநாள். அண்டை வயல்காரர் தாமாகவே வந்து, "என் மடையத் தொறந்துக்கங்கண்ணே, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். தகப்பனார், "நாளைக்குத்தானப்பா நம்ம மொற" என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். நாற்று பாதி கருகியது. ஊரார் அதை மெச்சிப் பேசினார்கள். பத்து வயதில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது.

ஈஸ்வரியின் தகப்பனார் எஸ்டேட் மருந்தகத்தில் கம்பவுண்டர். மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. பொழுது சாய்ந்தால் குறுக்குக் கம்பம் இறங்கிவிடும், விடிந்துதான் தூக்குவார்கள். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் பிரசவ வலியும் பாம்புக்கடியும் பொழுது பார்த்து வருவதில்லை. கம்பவுண்டர் நோயாளியை எஸ்டேட் வண்டியில் ஏற்றிக்கொண்டு வளைவுகளில் விளக்கை அடித்து அடித்து இறங்குவார். அந்த வெளிச்சம் இரண்டு வளைவுக்கு மேலே தெரியும்போதே காவலர் கம்பத்தைத் தூக்கிவிடுவார். வண்டி நிற்காது. மறுநாள் திரும்புகையில் கம்பவுண்டர் சாவடியில் இறங்கி, முந்தின நாள் தேதிக்கு நேரே பெயரும் காரணமும் எழுதிக் கையொப்பமிடுவார். "மொதல்ல தூக்கு, பெறகு எழுது. எங்க மலையில அதுதான் சட்டம்" என்பாள் ஈஸ்வரி.

அவளைப் பெண் பார்த்துவிட்டு நாங்கள் இறங்கியபோதும் நேரம் கடந்துவிட்டது. காவலர் டார்ச் விளக்கை வண்டிக்குள் அடித்து, "கம்பவுண்டர் வீட்டுக்கு வந்த மாப்ள வீட்டாக்களா? பொண்ணப் பிடிச்சிருக்கா? பிடிச்சிருந்தாத்தான் கம்பத்தத் தூக்குவேன்" என்றார். என் பெரியப்பா சிரித்தார். நான் மட்டும், அனுமதித்த நேரம் ஆறு மணி என்று பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருந்தேன். இதைத் திருமணமான புதிதில் அவளிடம் சொன்னது பிழை. நாற்பத்தோர் ஆண்டு என்னைக் கேலி செய்வதற்கு அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

4

சென்ற ஆண்டு கோடையில் அவளுடைய இருதயம் பலவீனமடைந்துவிட்டது என்றார்கள். அறைக்கு அறை நடந்தாலே மூச்சு வாங்கியது. புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு காலை, காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இலை மஞ்சளாகியிருக்குமில்ல? ஒரு எட்டுக் கூட்டிட்டுப் போறீகளா?" என்றாள்.

சாலை விதியில் ஒரு விலக்கு இருந்தது. நடக்க இயலாதவரைக் காரில் அழைத்துச் செல்லலாம். ஆனால் விண்ணப்பித்துச் சீட்டுப் பெறவேண்டும், மருத்துவர் கடிதம் வேண்டும், மூன்று வாரம் ஆகும். எனக்கு இது தெரியும். இருந்தும் அன்று அவளைக் காரில் உட்காரவைத்துச் சாலையின் தொடக்கத்திலுள்ள கதவு வரை சென்றேன். தொலைவிலுள்ள மரங்களாவது கண்ணில் படும் என்று எண்ணினேன். அங்கிருந்து ஏரி தெரிவதில்லை.

கதவருகே பூங்காக் காவலர் ஒருத்தி, முப்பது வயதுகூட இராது, பலகை ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிச் சென்று விண்ணப்பம் பற்றி விசாரித்தேன். அவள் என் தோளுக்கு மேலாகக் காருக்குள் பார்த்தாள். ஈஸ்வரி கம்பளி போர்த்தி, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தாள்.

"நான் திறந்துவிடுகிறேன். மெதுவாகப் போய்விட்டு வாருங்கள். தாளெல்லாம் பிறகு அனுப்பலாம்" என்றாள்.

நான் நன்றி சொன்னேன். முறைப்படி விண்ணப்பித்துச் சீட்டோடு வருகிறேன் என்றேன். இந்த விதிக்காகப் பேசியவன் நான், அதை மீறும் முதல் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை என்றும் சொன்னேன். அவள் ஒரு கணம் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள். "உங்கள் விருப்பம்" என்றாள்.

காருக்குத் திரும்பி, சீட்டு வாங்கவேண்டியிருக்கிறது, வாங்கிக்கொண்டு வருவோம் என்று ஈஸ்வரியிடம் கூறினேன். கண்ணாடி இறக்கியிருந்தது. அந்தப் பெண் சொன்னது அவள் காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. "சரி, திருப்புங்க" என்றாள். வழியில் ரொட்டி வாங்கவேண்டும் என்று நினைவூட்டினாள்.

அன்றே விண்ணப்பத்தை நிரப்பினேன். பல கேள்விகளுக்கு விடை எளிது. 'இயலாமை தற்காலிகமானதா, நிரந்தரமானதா' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 'எத்தனை நாட்களுக்கு அனுமதி தேவை' என்ற கேள்விக்கு 'ஒரு நாள்' என்று எழுதினேன். அவர்கள் பெருந்தன்மையோடு ஓராண்டு தந்தார்கள்.

5

தை அமாவாசைக்கு முந்தின நாள், கனடாவிலிருந்து கொண்டுவந்த ஈஸ்வரியின் அஸ்தியோடு நானும் முருகேசனும் கம்பத்துக்கு அருகே சுருளி அருவிக்குப் போனோம். முருகேசன் ஜீப்பைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். அக்கா மலையில் பிறந்தவள், மலைத்தண்ணீரில்தான் கரைக்கவேண்டும், அதுவும் அருவிக்குப் பக்கத்தில் என்பது அவன் பிடிவாதம்.

அருவிக்குச் செல்லும் வழியில் வனத்துறைக் கதவு மூடியிருந்தது. யானைகள் குட்டியோடு அருவிப் பக்கம் நிற்கின்றன, யாரும் மேலே போகக்கூடாது என்றார்கள். கதவுக்கு முன்னால் நூறு பேர் இருப்பார்கள். குளிக்க வந்தவர்கள், திதி கொடுக்க வந்தவர்கள், படம் எடுக்க வந்தவர்கள். மலை புலிகள் காப்பகமான பிறகு இந்த வாக்குவாதம் அடிக்கடி நடப்பதுதான் என்று முருகேசன் சொன்னான்.

ஈர வேட்டியோடு நின்ற ஒருவர், "யானை குளிக்கலாம், நாங்க குளிக்கக் கூடாதா? அது டிக்கெட் எடுத்துச்சா?" என்றார்.

"அண்ணே, அது குடியிருக்கிற வீடு. நீங்க விருந்தாளி" என்றார் காவலர், களைத்த குரலில்.

"விருந்தாளிகிட்டத்தான் துட்டு வாங்குவீகளோ?"

கூட்டம் சிரித்தது. துணி மூடிய சிறு கலயத்தோடு நின்ற ஒரு மூதாட்டி காவலரை நோக்கி, "ஏலே, எம் மகனைத் தூக்கிட்டு வந்திருக்கேன். யானை ஒண்ணும் செய்யாது, தொற" என்றார். காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முருகேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ மலையாளத்தில் பேசிப் பார்த்தான். இன்னொரு காவலர் கேரளப் பக்கத்துக்காரர் போலும். "சாரே, ஒரு அஞ்சு மினிட்டு" என்று கெஞ்சினான். நான் அவன் தோளைத் தொட்டு, கீழே ஆற்றிலேயே கரைத்துவிடலாம், அதுவும் அருவித் தண்ணீர்தான், குட்டியோடு நிற்கும் யானையிடம் போவது முறையல்ல என்றேன். நான் சொன்னதில் பிழை இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

அவன் கம்பியை விட்டான். கூட்டத்துக்கு வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அங்கனயும் எங்கக்காவுக்குக் கதவச் சாத்துனீக. இங்கனயும் சாத்துறீகளே மச்சான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "யார் சொன்னா?" என்றேன்.

"அக்காதான். போன்ல. 'அந்தப் புள்ள சாவிய எடுத்துட்டுது முருகேசா, ஒன் மச்சான்தான் வேணாம்னுட்டாக. மொறத் தண்ணிக்காரரு, மடை தொறக்க நாள் வரணும்'னு சொன்னுச்சு."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணுமில்ல. ஏலக்கா அனுப்புடான்னுச்சு."

கீழே ஆற்றில் இறங்கினோம். தண்ணீர் முழங்கால் வரை, மிகக் குளிர்ந்திருந்தது. அவன்தான் கலயத்தைக் கவிழ்த்தான். திரும்பும் வழியில் சின்னமனூர் வந்து சேரும் வரை என் பக்கம் திரும்பாமலே வண்டியை ஓட்டினான். அந்தச் சொல்லுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

6

எங்களுக்கு ஒரே மகள், மேகலா. இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள நகரத்தில் இயன்முறை மருத்துவர். விழுந்தவர்களையும் முடங்கியவர்களையும் நடக்கவைப்பது அவள் தொழில். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஈஸ்வரியிடமிருந்து வந்தது. ஆகையால் இந்த நாட்டை விட்டு அதிகம் வெளியே போகாத ஒருத்தி, 'வந்தாக, போனாக' என்று மேகமலை லயத்துப் பெண்களைப் போலப் பேசுவாள். என்னோடு பெரும்பாலும் ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பு ஒவ்வோர் ஆண்டும் சில நிமிடங்கள் சுருங்கி வந்தது. தாய் இறந்த பிறகு, மருந்து சாப்பிட்டாயிற்றா என்ற கேள்வியோடு முடிந்துவிடும்.

இந்த வசந்தத்தில், ஏரிச் சாலையை இலையுதிர் காலத்திலாவது கார்களுக்குத் திறக்கவேண்டும் என்று ஒரு மனு கிளம்பியது. எழுதியவள் மேகலா. முதல் பக்கத்தில் ஈஸ்வரியின் படம் இருந்தது, லார்ச் மரத்தடியில் மஞ்சள் சேலையில். கீழே: 'என் தாய் இந்த ஏரியை இன்னொருமுறை பார்க்க விரும்பினார். விதி அவருக்குக் கதவை மூடியது.'

கதவருகே நடந்ததை ஈஸ்வரி தன் தம்பிக்குச் சொன்னவள், மகளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மனுவில் பல நூறு பேர் கையெழுத்திட்டார்கள். பொய்யான ஒரு வாக்கியத்தின் கீழ் அவை சேர்ந்துகொண்டே போயின. அந்த வாக்கியம் பொய் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னால், தாயை இழந்த நாள் முதல் அவள் பற்றிக்கொண்டு நின்ற ஒன்றை அவள் கையிலிருந்து பிடுங்குவேன். அத்தோடு அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பையும் இழப்பேன். சொல்லாவிட்டால், நான் செய்த ஒன்றுக்காகச் சாலை திறக்கப்படும். வசந்தமும் கோடையும் அப்படியே கழிந்தன.

கூட்டத்தன்று மதியம் அவள் வீட்டுக்கு வந்தாள். நான் செய்திருந்த உப்புமாவை நின்றபடியே சாப்பிட்டாள்.

"நீங்க யாருக்குப் பேச வாரீக, தேரைக்கா எனக்கா?" என்று தமிழில் கேட்டாள். விளையாட்டாகத்தான்.

"மேகலா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"கார்ல போகும்போது சொல்லுங்க. எனக்கு இன்னொரு தடவ வாசிச்சுப் பாக்கணும்."

காரில் நான் ஓட்டினேன். அவள் தன் மூன்று நிமிடத்தை உரக்க வாசித்துக்கொண்டு வந்தாள். தாயைப் பற்றிய பத்தி வந்ததும் குரல் உடைந்தது. முதலிலிருந்து மீண்டும் தொடங்கினாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

நகர மண்டபம் மாலை நான்கு மணிக்கே நிரம்பியிருந்தது. தடித்த உடம்புள்ள ஒருவர் முதலில் பேசினார்: "என் தாத்தா கல் சுமந்து போட்ட சாலை அது. என் பேரனுக்கு அதில் தூண்டிலையும் படகையும் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லித் தருகிறேன். நன்றி." சைக்கிள் சங்கத்துப் பெண் ஒருத்தி, கார் கூடவே கூடாது, ஆனால் சைக்கிள் கார் அல்ல என்று வாதிட்டாள். அடுத்து வந்த மூதாட்டி, கார் வந்தால் சத்தமாவது கேட்கும், சைக்கிள்காரர்கள் மணியே அடிப்பதில்லை, கரடி அவர்களைவிட நாகரிகமானது என்றார். மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "தேரைகளுக்கு வாக்குரிமை கொடுத்துவிடுங்கள், டாக்டர் எழுதிக் கொடுப்பார்" என்றது. அதற்கும் சிரித்தார்கள். மேகலாவும் சிரித்தாள்.

ஒன்பதாவதாக என் பெயரை அழைத்தார்கள். மேகலாவின் பெயர் பன்னிரண்டாவது. குறிப்பு எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வாழ்நாளில் முதல்முறை. நினைவிலிருக்கும் வரை நான் பேசியது இது:

"ஐந்தாண்டுகளுக்கு முன் இந்தச் சாலையை மூடச் சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன். தேரைகள் பெருகியிருக்கின்றன, கரை மண் தளர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் கைகளில் இருக்கும் மனுவில் ஒரு வாக்கியம் சரியல்ல. அதை எழுதியவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தும் சொல்லாதிருந்தவன் நான். என் மனைவிக்கு இந்த விதி கதவை மூடவில்லை. சென்ற ஆண்டு அவளைக் கதவு வரை அழைத்துச் சென்றேன். பணியில் இருந்தவர், அவர் யாரென்று சொல்லமாட்டேன், சாவியை எடுத்துத் திறந்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொன்னேன். தாள் வந்த பிறகு வருகிறேன் என்றேன். தாள் வந்தது. என் மனைவியால் வர இயலவில்லை."

அந்தக் காவலர் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். தரையைப் பார்த்தாள். மேகலா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

"என் மனைவி பிறந்த மலையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. நோயாளி வண்டி வந்தால் அங்கே முதலில் கம்பத்தைத் தூக்குவார்கள். கையொப்பம் மறுநாள் வாங்குவார்கள். அதனால் அந்தக் காடு அழிந்துவிடவில்லை. சாலையை மூடியே வையுங்கள். ஆனால் நடக்க முடியாதவருக்குக் கதவைத் திறக்கும் அதிகாரத்தை, கதவருகே நிற்பவருக்கு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தாளைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்."

தலைவர் நன்றி கூறினார். என்னை ஆதரவில் எழுதுவதா எதிர்ப்பில் எழுதுவதா என்று குறிப்பெடுப்பவர் கேட்டார். திறப்பதற்கு எதிர்ப்பு என்று எழுதச் சொன்னேன்.

இருவர் பேசினார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது நினைவில்லை. பிறகு மேகலா எழுந்து போனாள். கையிலிருந்த தாள்களில் முதல் தாளை எடுத்து மேசைமீது கவிழ்த்து வைத்தாள். "என் தாயைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை விலக்கிக்கொள்கிறேன்" என்றாள். குரல் நிதானமாக இருந்தது. "என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு நாளை என்பதே உறுதியில்லை. கதவருகே நல்ல மனம் உள்ள ஒருவர் அன்று நிற்பார் என்று நம்பி அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. அதனால் சாலை திறக்கப்படவேண்டும் என்றே இன்னும் கேட்கிறேன்." நல்ல வாதம். முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை.

8

வெளியே வாகன நிறுத்தத்தில் அவள் எனக்கு முன்பாகவே சென்று காரருகே நின்றாள். நான் கதவைத் திறந்தேன். இருவரும் உட்கார்ந்தோம். சாவியைப் போடவில்லை. வெயில் மலை உச்சியில் மட்டும் இருந்தது.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். அம்மா சொல்லியிருக்கா."

"எங்கிட்டச் சொல்லல."

"நீ என்னோட பேசுறத நிறுத்திருவேன்னு நெனச்சிருப்பா."

"நிறுத்தியிருப்பேன்."

மண்டபத்திலிருந்து ஆட்கள் பேசிச் சிரித்தபடி வெளியே வந்தார்கள். தாத்தா போட்ட சாலைக்காரர் எங்கள் காரைக் கடக்கும்போது தொப்பியைச் சற்று உயர்த்தினார். நான் தலையசைத்தேன்.

"காவல்ல இருந்தவக தொறக்கேன்னு சொன்னப்ப அம்மா எங்க இருந்தாக?"

"கார்ல."

"நீங்க?"

"வெளியே, கதவுக்கிட்ட."

"திரும்பி வந்து கேட்டீகளா? 'ஈஸ்வரி, இப்பவே போவமா, தாளு வரட்டுமா'ன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

எவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. முருகேசன் கேட்கவில்லை. ஓராண்டாக நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. விதியையும் தேரைகளையும் என் பெயரையும் எண்ணிப் பார்த்துத்தான் அன்று பதில் சொன்னேன். பத்தடி தூரத்தில், கண்ணாடி இறக்கிய காரில் அவள் இருந்தாள்.

"இல்லை" என்றேன்.

கேட்டிருந்தால் ஈஸ்வரி என்ன விடை சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும் என்ற எண்ணத்திலேயே இத்தனை மாதமும் என்னை நொந்துகொண்டிருந்தேன். போவோம் என்றிருப்பாள், நிச்சயம் என்று. அங்கே உட்கார்ந்து அவள் குரலில் அந்தச் சொல்லைக் கேட்க முயன்றேன். போவோம் என்றிருக்கலாம். எனக்காக வேண்டாம் என்றும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.